முதுகை விடுங்கள், இறக்கையைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழிகள் வளர்க்கிறோம். மூன்று நாளைக்கு முன் சாயங்காலம் ஒரு நாய் உள்ளே புகுந்து எங்கள் செவலைக் கோழியைக் கவ்விவிட்டது. சத்தம் போட்டதும் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிகிறது. பார்க்கவே முடியவில்லை. புண்ணில் ஊற்றினால் வெள்ளையாக நுரைக்குமே, அந்த மருந்தை ஊற்றினோம். வலிக்குப் பூசும் களிம்பும் போட்டோம். தண்ணீர் குடிக்கிறது, ஆனால் தீவனத்தைத் தொடவில்லை. எச்சம் பச்சையாகப் போகிறது. இறகை உப்பிக்கொண்டு மூலையில் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தையல் போட வேண்டுமா? இப்படி வதைபடுவதற்கு ஒரேயடியாக முடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். முட்டையிட்டால் சாப்பிடலாமா? இடது இறக்கைக்கு அடியில் பல் பட்ட மாதிரி இரண்டு சின்னப் புள்ளிகளும் இருக்கின்றன. அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு புள்ளிகளைப் படித்ததும்தான் எனக்குத் திக்கென்றது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே, ‘முதுகு இருக்கட்டும், இறக்கைக்கு அடியில் இருப்பதை இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று இரண்டு வரி அனுப்பினேன். ஏன் என்று இங்கே விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதையே கேட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள்.

கோழியின் தோல் தாள் மாதிரி மெல்லியது. சதையோடு இறுக்கமாக ஒட்டியிருக்காது, விரலால் தள்ளினால் நகரும். நாய் கவ்வும்போது பல் உள்ளே இறங்குகிறது. நாய் அதோடு விடாது, தலையை இப்படியும் அப்படியும் உதறும். தோல் நகர்ந்து கொடுத்துவிடுவதால் வெளியே மிளகு அளவுக்கு ஒரு ஓட்டைதான் தெரியும். உள்ளேயோ பல் உழுதிருக்கும், சதை நசுங்கிக் கூழாகியிருக்கும், இரத்த ஓட்டம் அறுந்திருக்கும். பல்லோடு போன கிருமி அந்த நசுங்கிய சதையில் தங்கிவிடும். ஓட்டையோ ஒரே நாளில் காய்ந்து மூடிக்கொள்ளும். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் பக்கம். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமக்குப் புண் பழுத்தால் சீழ் வடியும், பார்த்ததும் தெரிந்துகொள்வோம். கோழிக்குச் சீழ் நீர்த்து வடியாது. பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சளாக உறைந்து, தோலுக்கு அடியில் கட்டியாக உட்கார்ந்துவிடும். சீழைக் கரைக்கும் ஒரு நொதி பறவைகளின் வெள்ளணுக்களில் இல்லை. அதனால் வெளியே பார்த்தால் காய்ந்து ஆறிவிட்ட மாதிரியே இருக்கும். அந்தக் கட்டிக்குள் மாத்திரையும் ஊசியும் சரியாகப் போய்ச் சேராது. திறந்து எடுத்தால்தான் உண்டு.

எனக்கு இது பட்டுத்தான் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோழியைக் கொண்டுவந்தார்கள். இதே மாதிரி நாய்க்கடி. கிழிந்த தோலை இழுத்து, வரிசையாக ஒன்பது தையல் போட்டேன். துணி தைத்த மாதிரி அவ்வளவு நேர்த்தியாக இருந்தது, எனக்கே பெருமை. நான்காம் நாள் திரும்பக் கொண்டுவந்தபோது கூடையைத் திறக்கும் முன்பே வாடை வந்துவிட்டது. தையலைப் பிரித்தால் உள்ளே சதை பச்சையும் கருப்புமாக இருந்தது. அன்று சாயங்காலமே கோழி போய்விட்டது. நாய் வாயில் இருந்ததையெல்லாம் உள்ளே வைத்து நானே மூடித் தைத்திருக்கிறேன்.

அதனால் தையல் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், கடிபட்ட காயத்துக்கு வேண்டாம் என்பதே. மூன்று நாள் ஆன காயத்துக்கு வேண்டவே வேண்டாம். திறந்தே இருக்கட்டும், அடியிலிருந்து ஆறி வரட்டும். இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. கழுத்துக்குக் கீழே இருக்கும் தீவனப்பை கிழிந்திருந்தால், கோழி தண்ணீர் குடிக்கக் குடிக்க நெஞ்சுப் பக்கம் காயம் வழியாக ஒழுகும். அதைச் சுத்தம் செய்து, பையை ஒரு அடுக்கு, மேல்தோலை ஒரு அடுக்கு என்று தனித்தனியாகத் தைக்க வேண்டும். அது மருத்துவர் வேலை.

இப்போது முதுகுக்கு வருகிறேன். அந்தக் காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. காற்றோட்டமாக, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருக்கும் காயம் அது. ஈரம் காயாமல், ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் சிவப்பாகப் புதுச்சதை ஊறும். ஓரத்திலிருந்து தோல் வளர்ந்துவரும். உள்ளங்கை அகலம் என்றால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதுகெல்லாம் உரிந்து வந்த கோழி இரண்டு மாதத்தில் அடையாளம் தெரியாமல் நடமாடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கழுவும் முறையில்தான் சின்னத் தவறு நடந்திருக்கிறது. நுரைக்கும் அந்த மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரை வருவதால் கிருமி சாகிறது என்று நமக்கு ஒரு திருப்தி. ஆனால் புதிதாக முளைக்கும் திசுவையும் அது சேர்த்தே கொல்கிறது. ஸ்பிரிட்டும் அப்படித்தான். இனி ஊற்றாதீர்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன், போட்டுக் கரையுங்கள். கை பொறுக்கிற வெதுவெதுப்பில் இருக்கட்டும். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துக் காயத்தின் மேல் பீய்ச்சுங்கள். மண், இறகுத் துணுக்கு எல்லாம் போகும்வரை, தண்ணீர் தெளிவாக வடியும்வரை கழுவ வேண்டும். பஞ்சால் தேய்க்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் நன்றாக நீர்த்து, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை ஊற்றலாம். அப்படியே ஊற்றினால் அதுவும் எரித்துவிடும்.

காயத்தின் ஓரத்தில் இறகு ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். மெல்லிய தோல், இறகோடு சேர்ந்து கிழிந்து வரும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் வெட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிரிஞ்சைக் கொண்டுபோகவே கூடாது. இறக்கையில், உடம்பை ஒட்டிய மேல் எலும்பு கோழிக்கு உள்ளே குழல். அது காற்றுப்பைகளோடும், அதன் வழியாக நுரையீரலோடும் சேர்ந்திருக்கிறது. அந்த எலும்பு உடைந்து வெளியே திறந்திருக்கும்போது தண்ணீரைப் பீய்ச்சினால், கோழி உட்கார்ந்த இடத்திலேயே மூழ்கிச் சாகும். விலாப் பக்கத்து ஓட்டையும் அப்படித்தான், ஆழம் தெரியாமல் தண்ணீர் விடக் கூடாது. உங்கள் கோழிக்கு ஓட்டை இருப்பது இறக்கைக்கு அடியில். அதனால்தான் அதை நீங்களாகக் கழுவ வேண்டாம் என்கிறேன். ஓட்டையைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று காற்றுக்குமிழ் உடைவது போலத் தட்டுப்பட்டால் காற்றுப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று அர்த்தம். கொஞ்சமாக இருந்தால் தானாக அடைந்துவிடுவதும் உண்டு. பலூன் மாதிரி உப்பிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

நாயாக இல்லாமல் பூனை கவ்வியிருந்தால் இன்னும் அவசரம். பூனையின் பல் ஊசி மாதிரி, ஓட்டையே தெரியாது. அதன் வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி சாதாரணமாகவே இருக்கும். கோழிக் காலராவை உண்டாக்குவதும் இதே இனம்தான். பூனை வாயிலிருந்து மீண்ட கோழி துள்ளி ஓடினாலும் சரி, அன்றைக்கே கிருமிக்கொல்லி மருந்து தொடங்கியாக வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கோழியின் எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வலிக் களிம்பு போட்டதாகச் சொன்னீர்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பு என்றால் துடைத்து எடுத்துவிடுங்கள். அந்த வகை மருந்து மனிதர்களைவிடப் பறவைகளுக்குச் சீக்கிரம் நஞ்சாகும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள், குறிப்பாக டைக்ளோஃபெனாக். மாட்டுக்குப் போட்ட அந்த மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, தெற்காசியாவில் அந்த இனத்தையே ஏறக்குறைய துடைத்துப்போட்டது. கோழியின் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது. ஆனால் வலியைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. கோழி கத்தாது, முனகாது. வலியைக் காட்டிக்கொண்டால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று பழகிய பிராணி. கண்ணைப் பாதி மூடி, வாலைத் தொங்கப்போட்டு, பந்து மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் அதன் முனகல். கோழிக்கு ஏற்ற வலி மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வலி குறைந்த அன்றே தீவனத்துக்கு வாய் வைக்கும் கோழிகள் நிறைய.

பச்சை எச்சத்தைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் பட்டினிதான் காரணம். குடலில் தீவனம் இல்லாதபோது பித்தநீர் மட்டும் போகும், அதன் நிறம்தான் அது. சாப்பிடத் தொடங்கினால் ஓரிரு நாளில் பழுப்புக்கு மாறும். நோய் முற்றிய கோழிக்கும் பச்சையாகப் போவதுண்டு என்றாலும், மூன்று நாள் சாப்பிடாத கோழிக்கு முதலில் பார்க்க வேண்டியது தீவனத்தைத்தான்.

அதற்கும் முன்னால் சூடு. குளிர்ந்துபோன கோழிக்குச் செரிக்காது, அதனால் சாப்பிடாது. காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, கொண்டையும் வெளுத்திருந்தால் அது இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. ஒரு அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். பெட்டிக்குள் 28, 30 டிகிரி இருந்தால் போதும். இன்னொரு பக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டாமென்றால் அதுவே நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சுவாங்கி, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி வைத்திருந்தால் சூடு அதிகம். இருட்டாக, அமைதியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்ப்பதும் அதற்கு நாய் வருவது மாதிரிதான். கடிபட்ட முதல் இரவில் காயத்தைவிட இதுதான் கோழியைக் காப்பாற்றும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிப்பது, அப்புறம் இந்தப் பெட்டி. மற்றதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. பாசத்தில் அணைத்தே மூச்சை நிறுத்திவிடலாம்.

தண்ணீரை வாய்க்குள் ஊற்ற வேண்டாம். நாக்கு முடியும் இடத்திலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. நமக்கு இருப்பது போல அதற்கு மேல்மூடி இல்லை. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே நக்கி விழுங்கும். உங்களுடையது தானே குடிக்கிறது, அது நல்ல அறிகுறி. வயிற்றுப்போக்குக்குக் கரைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை முதல் ஒரு நாள் தண்ணீருக்குப் பதில் வைக்கலாம். தீவனத்தை வெந்நீரில் குழைத்து, வேகவைத்த முட்டையை உதிர்த்துக் கலந்து வைத்துப் பாருங்கள். கோழிக்கு முட்டையா என்று முகம் சுளிக்க வேண்டாம். புதுச்சதை ஊறப் புரதம் வேண்டும், முட்டையை அது விரும்பியும் கொத்தும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு கிலோ கோழி இருநூறு கிராம் இறங்கிவிட்டால் மருத்துவர் குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருக்கும்.

ஈ. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நாய்க்குத் தப்பியவை ஈக்குத் தப்பாமல் போன கதைகள் அவ்வளவு. இரத்த வாடைக்கு ஈ சில நிமிஷத்தில் வந்துவிடும். முட்டை வெள்ளைக் குருணை மாதிரி இறகின் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்து புழு உள்ளே போய்விடும். அதனால் ஆறும்வரை கோழி வீட்டுக்குள், கொசுவலை போட்ட பெட்டியில்தான் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எச்சத்துவாரத்தைச் சுற்றியும் பாருங்கள், அங்கே எச்சம் ஒட்டியிருந்தால் காயமே இல்லாவிட்டாலும் ஈ வரும். முட்டை கண்ணில் பட்டால் அந்த இறகோடு வெட்டி எடுங்கள். புழு கண்டால் இடுக்கியால் எடுத்து, உப்புநீரில் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். மண்ணெண்ணெய், டர்பன்டைன் ஊற்றாதீர்கள். புழு வெளியே வரும், உண்மைதான். புண்ணும் வெந்துபோகும்.

உங்கள் கைக்கும் ஒரு வார்த்தை. வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய், கோழி உங்களுக்கு அதைப் பரப்பாது. ஆனால் புதுக் காயத்தின் மேல் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும்போது வெறுங்கையால் தொட்டு, உங்கள் கையிலும் வெட்டுக்காயம் இருந்திருந்தால், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். கோழிக்கு டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அந்த நஞ்சு குதிரையைச் சாய்த்துவிடும், கோழி அதை அனாயாசமாகத் தாங்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார், தப்பில்லை. குடல் வெளியே வந்து கிழிந்திருந்தால், முதுகெலும்பு முறிந்து காலைக் கிள்ளினாலும் உணர்வே இல்லாமல் கிடந்தால், கொண்டை நீலம் பாரித்து ஒவ்வொரு மூச்சுக்கும் தலையைத் தூக்கினால், நானே வலியில்லாமல் முடித்துவிடச் சொல்வேன். கால் இரண்டும் இழுத்துக்கொண்டு கிடப்பதை மட்டும் வைத்து அவசரப்படக் கூடாது. உதறிய வீக்கத்திலும் அப்படி ஆகும், சில நாளில் எழுந்துவிடும் கோழிகள் உண்டு. உங்கள் செவலை நிற்கிறது, குடிக்கிறது. நான் செய்வது இதுதான்: சரியான சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாள் குறித்துக்கொள்வேன். அதற்குள் தானாகக் கொத்தத் தொடங்கவில்லை, எடையும் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அப்போது உட்கார்ந்து பேசுவோம். அதுவரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

முட்டை இப்போதைக்கு வராது. உடம்பு தேறும்வரை இடுவதை நிறுத்திக்கொள்ளும், வாரக்கணக்கில் ஆகலாம். வந்தாலும், மருந்து கொடுக்கும் நாட்களிலும் நிறுத்திய பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள்வரையும் யாரும் சாப்பிடக் கூடாது. வயிறு உப்பி, உடம்பை நிமிர்த்தித் தத்தித் தத்தி நடந்தால் சொல்லுங்கள். நாய் உதறியதில் உள்ளே இருந்த முட்டை உடைந்திருக்கலாம்.

நேற்று உங்களிடமிருந்து வந்த தகவலைப் பார்த்தேன். மருத்துவர் இறக்கைக்கு அடியில் இறகை வெட்டியபோது ஒரு ஓட்டை மேலோட்டம்தான் என்றும், இன்னொன்றில் இடுக்கி நாலு விரல் ஆழத்துக்கு முதுகுப் பக்கமாகப் போனது என்றும், உள்ளிருந்து மஞ்சள் கட்டி துண்டு துண்டாக வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை. அந்த ஓட்டை வெளியே சீக்கிரம் மூடிக்கொள்ளப் பார்க்கும், விடாதீர்கள். அடியிலிருந்து ஆறும்வரை அவர் காட்டிக்கொடுத்தபடி தினமும் திறந்து சுத்தம் செய்யுங்கள். நேற்றுக் காலை முட்டைத் துணுக்கை இரண்டு முறை கொத்தியது என்பதைப் படித்தபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அது தேறுவதற்குள் நாய் வந்த வழியை அடைத்துவிடுங்கள். ஒருமுறை ருசி கண்டது கட்டாயம் திரும்ப வரும். கோழி வலை என்று விற்கும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் ஆகும், நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையைப் போட்டு, கீழே ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். பகலில் கீரி, இரவில் மரநாய் என்று மற்றவற்றுக்கும் அது ஆகும்.

மற்ற கோழிகளோடு விட அவசரம் வேண்டாம். சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தும், கூடப் பிறந்ததானாலும் விடாது. ஒரு நாளுக்குள் புண்ணைக் குடைந்துவிடும். தோல் முழுக்க மூடி, சிவப்பு மறையும்வரை தனியாக இருக்கட்டும். வேரோடு போன இறகு சில வாரத்தில் முளைக்கும். பாதியில் உடைந்தது அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும். புதுக்குருத்தில் இரத்தம் ஓடும், அதையும் கொத்தவிடக் கூடாது. கடைசி ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் மற்றவற்றின் கண் முன்னால் வைத்துப் பழக்குங்கள். பிறகு ஒருநாள் இருட்டியதும் கூட்டில் எல்லாம் அடைந்த பிறகு நடுவில் கொண்டுபோய் விடுங்கள். விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒரு கொத்து வாங்கி ஒதுங்கிப் போனால் இருக்கட்டும், அது அவர்களுக்குள் பேசிக்கொள்வது. இரத்தம் கண்டால் தூக்கிவந்து இன்னும் ஒரு வாரம் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.